ஆறு வாளி மணல்

நான்தான் மாப்ளே, உன் மாமாதான். தலையத் திருப்பாத. கழுத்த அசைக்கக் கூடாதுன்னு சிஸ்டர் காலையிலயே சொல்லிட்டாங்க, அப்படியும் திருப்பிப் பாக்கறே பாரு, அந்தப் பிடிவாதம்தான் உன்னை இங்க கொண்டாந்து போட்டிருக்கு. கண்ணை மட்டும் அசை, போதும். ஒரு தடவ சிமிட்டினா ஆமா, ரெண்டு தடவ சிமிட்டினா இல்ல. ஞாபகம் இருக்கா? ம், ஒண்ணு. பரவால்ல, இவ்வளவு நடந்தும் நீ பாடத்த மறக்கற ஆளு இல்ல.

மூஞ்சி பூராக் கட்டு, கை ரெண்டும் கட்டு, தொண்டையில குழாய். கண்ணு மட்டும் தப்பிச்சிருக்கு. மரத்தூள் விழாம இருக்க ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டுத் திரிவியே, வேலைக்காரங்க எல்லாம் என்னங்க நீச்சலுக்கா கெளம்பிட்டீங்கன்னு கேலி பண்ணுவாங்களே, அதுதான் காப்பாத்திச்சாம். டாக்டர் சொன்னாரு. சரி, இவ்வளவு ஒழுங்கா இருந்த மனுஷனுக்கு ஆண்டவன் அதையாவது விட்டு வச்சானேன்னு நெனச்சுக்கிட்டேன்.

உங்க அக்கா வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா. உன் பொண்டாட்டியும் அங்கதான். ஒரு ஆளுக்கு மேல உள்ள விட மாட்டாங்களாம். தங்கச்சி லேசா மொணங்கினா, அண்ணே, காலையில இருந்து நீங்களே போய்க்கிட்டிருக்கீங்களேன்னு. தொழில் விஷயம்மா, கொஞ்சம் பேசணும், அவனுக்கும் மனசு லேசாகும்னேன். நம்பிட்டா. அவ எதைத்தான் நம்பல.

மணி மூணேகால். நாலு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றாரு. அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் ஒரே ஒரு கேள்விய ஒழுங்காப் படிச்சு முடிச்சாகணும். காலையில பத்து தடவ கேட்டேன், பத்து தடவயும் தப்பாச் சொன்னே. மறுபடி கேக்கறேன், நிதானமா சொல்லு. புதன்கெழம மத்தியானம், நம்ம பட்டறையில பாலிஷ் ரூம் தீப்பிடிச்சப்ப, நீ எடுத்து வீசின வாளியில இருந்தது மணல்தானே?

ரெண்டு.

சரி. ஒண்ணும் அவசரமில்ல. மூச்சு விட்டுக்கோ. அந்த மெஷின் உனக்காகத்தான் டிக் டிக்குன்னு அடிச்சுக்கிட்டிருக்கு, நேரம் இருக்கு.

மணல் எரியுமா மாப்ளே? ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுல இருந்து இந்தக் குழாயைச் சொருகற வரைக்கும் நீ சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மணல் எரிஞ்சுது, மணல் எரிஞ்சுது. உங்க அக்கா பயந்தே போயிட்டா, தம்பிக்குப் புத்தி கலங்கிடுச்சேன்னு. டாக்டர்தான் சமாதானம் சொன்னாரு, இவ்வளவு காயம்னா இப்படித்தான் பெனாத்துவாங்க, கண்டுக்காதீங்கன்னு. எனக்கு அப்பதான் போன உயிர் திரும்பி வந்துச்சு. சர்வேயர்கிட்டயும் அதையே சொல்லி வச்சேன். பாவம் சார், மணல் எரிஞ்சுதுங்கறான் சார்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சேன். அந்தாளு சிரிக்கல. நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாரு. நான் ஏன்டா வாயக் குடுத்தேன்னு ஆயிடுச்சு.

சர்வேயர்னா எவனோ காருல வருவான், நாலு போட்டோ எடுப்பான், டீயக் குடிச்சுட்டுப் போவான்னு இருந்தேன். வந்தது பாத்தா, ஒல்லியா, கையில ஒரு குடையோட ஒரு மனுஷன். டீ வேணாம்னுட்டாரு. நாற்காலி போட்டா உக்காரல. பட்டறை பூரா முட்டி போட்டு முட்டி போட்டுப் பாத்தாரு. முன்னாடி ஷோரூம் பக்கம் ஸ்டாண்டுல நாலு வாளி தொங்குதில்ல, அங்க வரைக்கும் தீ வரல. அந்த நாலுலயும், சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு, முழங்கை வரைக்கும் கைய விட்டாரு. மணல். நாலுலயும் அடி வரைக்கும் நல்ல மணல். என்ன சார், பொதையல் தேடறீங்களான்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கல.

அப்பறம் பாலிஷ் ரூமுக்குள்ள போனாரு. கூரைத் தகரம் எல்லாம் சுருண்டு தொங்குது. நடுவுல ரெண்டு வாளி காலியாக் கெடக்கு, பெயிண்ட் உரிஞ்சு. நீ வீசினது. ரெண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. தரையக் கையால தடவினாரு. ஏங்க, ரெண்டு வாளி மணல் இங்க வீசியிருந்தா, அந்த மணல் எங்கங்கன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு. தீயணைப்புக்காரங்க அடிச்ச தண்ணியில போயிருக்கும் சார்னேன். தண்ணி சாக்கடைக்குத்தானே போவும், சாக்கடையத் தோண்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன்னாரு. குடைய எடுத்துக்கிட்டாரு. வீசினவர்கிட்டயே கேட்டுக்கறேன், கண்ணு அசைக்கறாராமே, அது போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

புரியுதா? மொத்தப் பட்டறையும் இப்ப உன் இமையிலதான் தொங்குது.

என்ன பாக்கறே? தண்ணியா? குடுக்கக் கூடாதாம். பஞ்ச நனைச்சு உதட்டுல வைக்கலாமாம். உதடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல மாப்ளே, சிஸ்டர் வரட்டும்.

ஒண்ணு கேக்கறேன், இந்த வாளிய எல்லாம் யாரு கொண்டாந்தது? நானா? பதினோரு வருஷம் கட்டில், பீரோ, மேஜைன்னு செஞ்சு வித்தோம். பின்னாடி வேலை உன்னுது, முன்னாடி பேச்சு என்னுது. ஒரு வாளி இருந்துச்சா? இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் ஒரு நாள் வகுப்புன்னு கூப்பிட்டான், சின்னதாத் தொழில் பண்றவங்க ஆபத்தை வராம தடுக்கறது எப்படின்னு. மத்தியானம் சாப்பாடு உண்டுன்னு போட்டிருந்ததால உன்னை அனுப்பினேன். நானே போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு வந்திருக்கணும்.

போனவன் வேற ஆளாத் திரும்பி வந்தே. கையில ஒரு புஸ்தகம், அதுக்கு பிளாஸ்டிக் உறை வேற. மறுநாள்ல இருந்து பட்டறைக்குள்ள பீடி, சிகரெட் கூடாது. பாலிஷ்ல கலக்கற தின்னர் டப்பா வெளிய இரும்புப் பொட்டியிலதான் இருக்கணும். சாயந்தரமானா தரையில ஒரு பிடி மரத்தூள் கெடக்கக் கூடாது, சாக்குல கட்டி வெளிய வைக்கணும். சுவிட்ச் பெட்டியத் தெறந்து தூசி ஊதணும். ரெண்டு பேரு வேலையே வேணாம்னு கும்பிடு போட்டுட்டுப் போனாங்க. அப்பறம் ஆறு வாளி வாங்கினே. சிவப்புப் பெயிண்ட் நீயே அடிச்சே. மணலைச் சலிச்சு, வெயில்ல காய வச்சு, ஒரு கல்லு இல்லாம ரொப்பினே. பாலிஷ் ரூம் வாசல்ல ரெண்டு, முன்னாடி நாலு. வாளி மொதலாளின்னு உனக்குப் பேரு வந்தது அன்னைக்குத்தான். யாரு வச்சா, யாரு வச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. நான்தான் வச்சேன்.

வேலைக்காரங்களை வரிசையா நிக்க வச்சு நீ நடத்தின பாடம் எனக்கே மனப்பாடம். தின்னர்ல பிடிச்ச தீக்குத் தண்ணி ஊத்தாதீங்க, பரவும். மணல் போடுங்க. ஒரு வாளிக்கு அடங்கலன்னா பயந்து ஓடாதீங்க, உடனே ரெண்டாவது வாளி. உடனே. இந்த உடனேங்கறப்ப மேஜைய ஒரு தட்டு தட்டுவே. டீ டம்ளர் எல்லாம் துள்ளும்.

பட்டறையோட விட்டியா? என் வீட்டுக்கும் வந்தே. கேஸ் டியூப்ல தேதி பாக்கறே. இஸ்திரிப் பொட்டி ஒயரைத் தூக்கிப் பாக்கறே. மாடிப்படி கைப்பிடி ஆடுதுங்கறே. வீட்டுக்கும் ஒரு பாலிசி போடுங்க மாமா, ஆனா பாலிசி வந்து தீய அணைக்காது, நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்னு பிரசங்கம். எங்க கல்யாண நாளுக்கு எவனும் துணி எடுத்துக் குடுப்பான், வாட்ச் வாங்கிக் குடுப்பான். நீ தீயணைக்கற சிலிண்டரத் தூக்கிக்கிட்டு வந்தே, கழுத்துல ரிப்பன் கட்டி. உங்க அக்கா உருகிட்டா. என் தம்பிக்கு என் மேல எவ்வளவு அக்கறை பாத்தீங்களான்னு என்கிட்டயே கேக்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வீட்டுல, என் பொண்டாட்டி முன்னாடி, உனக்கு வீட்டைப் பாத்துக்கத் துப்பில்லன்னு ஒருத்தன் ரிப்பன் கட்டிக் குடுக்கறான். சொல்லிடறேன் மாப்ளே, உன்னை எனக்கு அன்னையோட பிடிக்காமப் போச்சு.

கண்ண மூடாத. நீ மூடினா தூங்கறேன்னு நெனச்சு சிஸ்டர் என்னை வெளிய அனுப்பிடும். தெற. தெறடா. ம்.

இது என்னன்னு தெரியுதா? உன் அட்டைதான். முன்னாடி ஸ்டாண்டுல தொங்கிக்கிட்டிருந்ததால தப்பிச்சிருக்கு, ஓரம் கூடக் கருகல. திங்கக்கெழம தவறாம ஆறு வாளியையும் பாத்துட்டு, மணல் முழுசா இருக்கு, காஞ்சிருக்குன்னு எழுதி கையெழுத்து போடுவியே. எத்தனை திங்கக்கெழம பாரு. காய்ச்சல்ல கெடந்தப்பகூட வந்து போட்டிருக்கே. தீப்பிடிச்சதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் போட்டிருக்கே, இதோ, மணல் முழுசா இருக்கு. இதுல என் கையெழுத்து ஒரு எடத்துல இருக்கா? தேடிப் பாரு. எல்லாம் உன்னுது. இப்ப போய் நீ மணல் இல்லன்னு சொன்னா என்ன அர்த்தம்? இத்தனை வாரமும் நீ பொய்க் கையெழுத்து போட்டேன்னு அர்த்தம். உன்னைத்தான் பிடிப்பாங்க. எனக்கென்ன, நான் சோபா விக்கறவன்.

கண்ணுல என்ன தண்ணி வருது? அடக்கிக்கோ. கட்டு நனைஞ்சா கிருமி வருமாம். தொடைக்கவும் கூடாதாம்.

சரி, நடந்ததை வரிசையா நானே சொல்றேன், நீ சரியான்னு மட்டும் சொல்லு. புதன்கெழம மத்தியானம், சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் வெளிய நெழல்ல படுத்திருந்தாங்க. பாலிஷ்காரர் மட்டும் உள்ள. உப்புத்தாள் மெஷின் ஒயர்ல பொறி தட்டி, தின்னர் நனைஞ்ச துணியில பிடிச்சுது. ஒண்ணு. பெரிய தீ இல்ல, ஒரு மேஜை அகலம்தான். ஒண்ணு. பாலிஷ்காரர் கத்தினாரு, நீ ஓடினே. பட்டறையில நீ வச்சிருந்த தீயணைக்கற சிலிண்டர் ரெண்டும் அங்க இல்ல. தேதி முடியப் போகுதுன்னு ரொப்பி வர நீயேதான் முந்தின நாளு அனுப்பி வச்சே, ரெண்டு நாளைக்கு மணல் இருக்கேங்கற தைரியத்துல. ஒண்ணு. ஆங், இப்படித்தான், எவ்வளவு அழகாச் சொல்றே. நான் அந்த நேரம் முன்னாடி ஷோரூம்ல ஃபோன் பேசிக்கிட்டிருந்தேன்.

ரெண்டா?

என்னத்துக்கு ரெண்டு? நான் ஷோரூம்லதான்டா இருந்தேன். நீ எங்க என்னைப் பாத்தே? பொகையில எதையோ பாத்துட்டு நான்னு நெனச்சிருப்பே. அதை விடு, சர்வேயர் அதைக் கேக்கப் போறதில்ல.

நீ மொத வாளிய எடுத்தே. எடுத்ததும் ஒரு நொடி நின்னு வாளியப் பாத்தியாம், பாலிஷ்காரர் சொன்னாரு. லேசா இருந்துச்சா? ஒண்ணு. அது பதட்டம் மாப்ளே. பதட்டத்துல பீரோவையே ஒத்தையாத் தூக்கிட்டு ஓடினவன் இருக்கான். அதெல்லாம் ஒரு சாட்சியா?

பாலிஷ்காரர் வந்து சொல்லுவாருன்னு பாக்கறியா? அவரை நேத்தே பஸ் ஏத்தி விட்டுட்டேன். மக வீட்டுல ஆறு மாசம் இருந்துட்டு வாங்க, பட்டறைய எழுப்பினதும் மொத ஆளா உங்களைக் கூப்பிடறேன்னேன். நல்ல மனுஷன். உன் பேரைச் சொல்லி அழுதாரு. ஆனா வேலை வேணும்ல அவருக்கும். பஸ் கெளம்பறப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டு எனக்குக் கை காட்டினாரு.

ஆக, நீதான் பாக்கி.

பாலிசியில ஒரு வரி இருக்கு. எனக்கு அதைப் படிச்சுக் காட்டினதே நீதான், சிவப்பு மையில கோடு போட்டு. தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் சரியா வச்சிருக்கலன்னா நஷ்ட ஈடு கெடையாது. பட்டறைக்கு மட்டும் இல்ல. பட்டறையில அடிபட்டவங்க வைத்தியத்துக்கும் சேத்து வாங்கலாம் மாமான்னு நச்சரிச்சு, அதையும் அதே பாலிசியில போட வச்சே. ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தக் கட்டில், இந்தக் குழாய், தொடையில இருந்து தோலெடுத்து மூஞ்சியில ஒட்டப் போறாங்களாமே, எல்லாம் அதுல இருந்துதான் வரணும். நாலு மணிக்கு நீ ரெண்டு தடவ சிமிட்டினேன்னா, நாளைக்கே உன்னைப் பொது வார்டுக்குத் தள்ளிடுவாங்க. ஜன்னல் ஓரம் ஒரு கட்டில் கெடைக்கும். ஈ வரும். தங்கச்சி ராப்பகலா விசிறிக்கிட்டு உக்காந்திருப்பா.

அவ இன்னும் உன் மூஞ்சியப் பாக்கல, தெரியுமா? கட்டு மாத்தறப்ப நான் பாத்துட்டேன். வெளிய போனதும் கேட்டா, எப்படிண்ணே இருக்குன்னு. நல்லாருக்கும்மா, லேசாத்தான்னு சொன்னேன். அந்தத் தோல் ஒட்டினாத்தான் நான் சொன்னது உண்மையாகும். ஒட்டலன்னா அவ பாத்துக்குவா. பாக்கட்டுமா? ரெண்டு. பாத்தியா, அதுக்கு மட்டும் சரியாச் சொல்றே.

அப்ப இதுக்கும் சரியாச் சொல்லு. வாளியில இருந்தது மணல்தானே?

ரெண்டு.

அட, உன்னை என்னதான்டா பண்றது! மூஞ்சி போச்சு, கை போச்சு, பட்டறை போச்சு, இன்னும் நீ அந்தப் புஸ்தகத்துக்குத்தான் விசுவாசமா இருக்கே. உண்மை, உண்மைன்னு. உனக்கு என்னதான் வேணும்? நஷ்ட ஈடா? வேணாம். நல்ல ஆஸ்பத்திரியா? வேணாம். அப்ப என்ன, உனக்குப் புத்தி கலங்கலன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும், அதுவா?

ஒண்ணு.

அதுதானா? இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

மணி மூணே முக்கால் ஆச்சு. சரி, ஒரு ஒப்பந்தம் வச்சுக்கலாம். உனக்கு வேண்டியதை நான் குடுத்துடறேன், எனக்கு வேண்டியதை நீ குடு. சிஸ்டர் அந்தக் கோடியில இருக்கு, கேக்காது. உனக்குப் புத்தி கலங்கல மாப்ளே. நீ பாத்தது சரிதான். அது மணல் இல்ல. மரத்தூள்.

எந்த மரத்தூள்னு கேளு. நீ சாயந்தரம் சாயந்தரம் சாக்குல கட்டி வெளிய வச்சியே, அதேதான். அதுலயும் உப்புத்தாள் மெஷின்ல விழற நைஸ் தூளாப் பாத்து எடுத்தேன். ரம்பத்தூளு கொரகொரன்னு மேல தெரியும். நைஸ் தூளு படிஞ்சு உக்காரும். மேல ஒரு ரெண்டு விரக்கடை மணலைத் தூவி விட்டுட்டா, எவன் கண்டான்? நீ திங்கக்கெழம திங்கக்கெழம மேலாக்க விரலை ஓட்டிப் பாத்தே, கையெழுத்து போட்டே. அந்த அளவுதான்டா உன் ஜாக்கிரதை.

அப்படி மொறைக்காத. உங்க அக்காவுக்காகத்தான் பண்ணேன். முட்டி வலியில அவளால படியிறங்க முடியல, மாடியில ஒரு பாத்ரூம் கட்டினேன் இல்ல? ஞாயித்துக்கெழம தரை போடறப்ப மேஸ்திரி நிக்கறாரு, ஒரு ஆறு வாளி மணல் கொறையுதுங்கன்னு. ஆறு வாளின்னு அவர் வாயால சொன்னாரு. நான் என்ன பண்ணுவேன்? கடை எல்லாம் மூடியாச்சு. சலிச்ச மணலு, காஞ்ச மணலு, அங்க சும்மாத் தொங்குது. மேஸ்திரி கையில அள்ளிப் பாத்துட்டு, இவ்வளவு சுத்தமான மணல் எங்க கெடைச்சுதுங்கன்னு ஆச்சரியப்பட்டாரு. எங்க மச்சான் தயவுன்னேன்.

திருப்பி ரொப்பணும்னுதான் இருந்தேன். இன்னைக்கு, நாளைக்குன்னு எட்டு மாசம் ஓடிடுச்சு. நடுவுல கம்பெனியில இருந்து செக்கிங்குக்கு ஒருத்தன் வந்தான் பாரு, அன்னைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னு இருந்துச்சு. அவனும் உன்னை மாதிரி மேலாக்கத் தடவினான். இந்த வட்டாரத்துலயே இப்படி ஒரு பட்டறைய நான் பாத்ததில்லன்னான். உனக்கு ஒரு பாராட்டுத் தாள் குடுத்தான். நீ அதுக்குச் சட்டம் போட்டு மாட்டினே, தேக்குல. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். வீட்டுக்குப் போயி அந்த பாத்ரூம்லயே நின்னு, தண்ணியத் தெறந்து விட்டுட்டு, வயிறு வலிக்கற மட்டும் சிரிச்சேன். உங்க அக்கா கதவைத் தட்டறா, என்னங்க ஆச்சுன்னு.

முன்னாடி நாலு வாளியா? அது அன்னைக்கே மாத்திட்டேன். உன்னை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, அப்பறம் பூச்சு வேலைக்கு எறக்கினதுல மாடியில மிச்சம் கெடந்த மணலைக் கொண்டாந்து கொட்டிட்டேன். பாலிஷ் ரூம்லயும் ரெண்டு வாளி எறச்சிருப்பேன், தீயணைப்புக்காரன் குறுக்க கயித்தக் கட்டிட்டான். அந்தக் கயிறு இல்லன்னா இப்ப உன்னை நான் தொந்தரவு பண்ணிக்கிட்டு நிக்க வேணாம்.

மெஷின் ஏன் வேகமா அடிக்குது? அமைதியா இரு. நீ கேட்டே, நான் சொன்னேன், கணக்கு சரியாப் போச்சு. இனிமே உனக்கு என்ன கவலை? தெளிஞ்ச புத்தியோட ஒரே ஒரு தடவ சிமிட்டு, அவ்வளவுதான். நான் உன்னைக் கொல்லணும்னு வைக்கல. ஒரு வாளி மணலுக்கு பதிலா ஒரு வாளி தூளு வச்சேன், அவ்வளவுதானே. தீப்பிடிக்கும்னு யாரு கண்டா? பதினோரு வருஷமாப் பிடிக்கலையே.

இன்னும் என்ன அப்படிப் பாக்கறே? ஆங். ஷோரூம். அதுவும் வேணுமா உனக்கு?

ஆமாடா, வாசப்படியிலதான் நின்னேன். நீ பாத்தது நான்தான். பாலிஷ்காரர் தீயப் பாத்துக்கிட்டிருந்தாரு, அவர் என்னைப் பாக்கல, நீதான் பாத்தே. மொத வாளிய வீசினே, தீ பொசுக்குன்னு கூரைக்குப் போச்சு. அப்பவும் உனக்கு ஒண்ணும் ஆகல, முன்னாடி முடி கொஞ்சம் பொசுங்கினதோட சரி. நீ திரும்பி என்னைப் பாத்தே. அப்பறம் உன் பாடம் இருக்கே, உடனே ரெண்டாவது வாளி. எடுத்தே. வேணாம்டா, அதுவும் தூளுன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பாலிஷ்காரர் பக்கத்துலயே நிக்கறாரு. நான் கத்தினா, வாளிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவரு கேப்பாரா மாட்டாரா? சரி, ஒரு வாளிதானேன்னு விட்டுட்டேன்.

நீ உள்ள கிட்டப் போயி வீசுவேன்னு நான் நெனைக்கல.

செருப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. போர்வைய இழுத்து விடறேன் இரு, பாக்கறதுக்கு நல்லாருக்கணும். ஒண்ணு, ஞாபகம் வச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு.

வாங்க சார், வாங்க. குடைய இப்படிச் சுவத்துல சாத்துங்க. இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்கான் சார், இவ்வளவு நேரமும் எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். அதாவது, கண்ணால. ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. நீங்களே கேளுங்க சார், நான் குறுக்க பேசல. மாப்ளே, சார் கேக்கறாரு பாரு, நீ வீசின வாளியில இருந்தது மணல்தானான்னு. நல்லாக் காதுல விழுந்துச்சா? சொல்லு.

ஒண்ணு! பாத்தீங்களா சார்?

இல்ல சார், மூடினான், உங்க கண்ணு முன்னாடிதானே மூடினான். தெறக்கலன்னா என்ன சார்? தெறந்துட்டு மறுபடியும் மூடினாத்தானே ரெண்டு. இது ஒண்ணுதான். அந்த மெஷினா? அது காலையில இருந்து அப்படித்தான் சார் கத்தும். கூப்பிடறேன் சார், சிஸ்டரைக் கூப்பிடாம இருப்பேனா, என் மச்சான் சார் இவன். நீங்க மொதல்ல ஒண்ணுன்னு எழுதிக்குங்க.